நாற்காலியில் பட்டால் அவுட்

ஜனவரியில் எங்கள் நான்காம் பாக்கெட்டுக்கு
வெயில் வருவது பதினொன்றே காலுக்கு.
இரண்டு பிளாக்குகளின் நடுவே
ஒரு பாய் அகலத்துக்கு விழும்,
நிறுத்திய கார்களின் முதுகில் ஏறி இறங்கி நகரும்,
ஒன்றரைக்குள் தண்ணீர்த் தொட்டிப் பக்கம் போய்ச்
சுருண்டுவிடும்.

மயூர் விஹாரில் அந்த வாரம்
மூடுபனிக்காகப் பள்ளிகளை மூடியிருந்தார்கள்.
அந்த ஒரு பாய் அகலம்தான்
பிள்ளைகளின் பிட்ச்.

சுனேஜா, தரைத்தளம். வடக்குப் பார்த்த வீடு.
குரங்குக் குல்லாய், அதன்மேல் மஃப்ளர்,
இரண்டுக்கும் நடுவே
யாரையோ திட்ட வாயெடுத்து நிறுத்தியது போல ஒரு முகம்.
தினமும் பிட்சின் ஓரம் வந்து நிற்பார்.
பந்து காலடிக்கே உருண்டு வந்தாலும்
குனிய மாட்டார்.

"எப்பப் பாத்தாலும் முறைக்கிறார்மா"
என்றாள் மிருதுளா.
ஜுனைத் அவருக்கு வைத்த பேர் இன்ஸ்பெக்டர்.
நானும் சிரித்தேன்.
நான் அவரோடு பேசியதே
இரண்டு வருஷத்தில் மூன்று முறை,
மூன்றும் பார்க்கிங் பற்றி.

ஒருநாள் பந்து அவர் வீட்டுக்குள்ளேயே போய்விட்டது.
சீட்டுப் போட்டதில் மிருதுளா மாட்டினாள்.
போனவள்
பந்தை மறந்துவிட்டுத் திரும்பி,
நேராக மாடியேறி என்னிடம் வந்தாள்.

"வெளியவிட உள்ளதான்மா குளிருது.
ஹீட்டர்ல ரெண்டு கம்பி,
ஒண்ணுதான் சிவப்பா இருக்கு.
டிவி ஓடுது, சத்தமே இல்ல.
அவர் முறைக்கலம்மா,
பல்லைக் கடிச்சிட்டிருக்கார்.
காலைல ஸ்கூல் பஸ்ஸுக்கு நிக்கும்போது
என் மூஞ்சியும் அப்படித்தானே இருக்கும்?"
கொஞ்சம் யோசித்து,
"நாங்க அவரோட வெயில்ல விளையாடறோம்" என்றாள்.

தனியா இருக்கிற பெரியவங்க, என்று
நான் தொண்டையைச் செருமிக்கொண்டு ஆரம்பித்தபோது
அவள் இரண்டாவது மாடி இறங்கியிருந்தாள்.

கீழே பெரிய பஞ்சாயத்து.
தலையில் பட்டால்? டென்னிஸ் பால்தானே.
வெயில் நகர்ந்தால்?
அஞ்சு ஓவருக்கு ஒருதடவை நாற்காலியை நகர்த்தலாம்.
நாற்காலியில் பட்டால் அவுட்.
எல்லாம் முடிந்தபின் ஹர்கீரத்துக்குத் தோன்றியது:
"அவரைக் கேக்க வேணாமா?"

கேட்டார்கள்.
வேண்டாம், போய் விளையாடுங்கள் என்றார்.
மறுநாளும் அதையேதான் சொன்னார்,
கதவைப் பாதி சாத்திக்கொண்டு.
மூன்றாம் நாள்
ஒரு மடக்கு நாற்காலி
மெல்ல மெல்லப் படியிறங்கி வந்தது.
தூக்க ஓடியவர்களைக் கண்ணாலேயே நிறுத்தினார்.
அது நிஜமாகவே முறைப்பு.

அம்பயராக இருக்கச் சொன்னார்கள்.
எனக்கு ஹாக்கிதான் தெரியும் என்றார்.
கதை கேட்டார்கள்.
ஞாபகமில்லை என்றார்.
பத்து நிமிஷத்தில் வாய் திறந்தபடி
தூங்கிப்போனார்.
அன்றைக்கு மிச்ச ஓவர்களெல்லாம்
ரகசியக் குரலில் அப்பீல்.
அவுட் ஆனவன்
சத்தம் போட முடியாமல்
மட்டையைத் தன் காலிலேயே அடித்துக்கொண்டான்.
ஐந்தாவது ஓவரில்
நான்கு பேர், நான்கு கால்,
தூங்குகிறவரோடு நாற்காலியை
இரண்டடி கிழக்கே வைத்தார்கள்.
மேலே துணி காயப்போட்டுக்கொண்டிருந்த நான்
மூச்சைப் பிடித்தபடி நின்றேன்.

அப்புறம் ஒரு வெள்ளிக்கிழமை வெயிலே வரவில்லை.
எதிர் பிளாக் இல்லை, வேப்பமரம் இல்லை,
பால் பூத்தின் விளக்கு மட்டும்
பஞ்சுக்குள் வைத்த மாதிரி.
பதினொன்றே காலுக்கு
மிருதுளா ஸ்வெட்டர் மாட்டினாள்.

"எங்கடி? இன்னிக்கு ஏது கிரிக்கெட்?"
"நாற்காலி வரலையே, பாத்துட்டு வரேன்."

பால்கனியிலிருந்து எதுவும் தெரியவில்லை.
மணி அடிக்கும் சத்தம் கேட்டது.
நின்றது.
மறுபடி கேட்டது.
எண்ண ஆரம்பித்தேன், எண்பதைத் தாண்டினேன்.
பிறகு தாழ்ப்பாள்.
பிறகு ஒரு இருமல்,
அதன்மேல் என் பெண்ணின் அரைகுறை இந்தி,
நிறுத்தாமல்.

பரணிலிருந்து பழைய ஹீட்டரை இறக்கினேன்.
தூசி தட்டிப் போட்டுப் பார்த்தேன்,
இரண்டு கம்பியும் சிவந்தன.
அதைத் தூக்கிக்கொண்டு படியிறங்கும்போது
யோசித்துக்கொண்டே போனேன்,
நான்காவது முறை
அவரிடம் என்ன பேசுவதென்று.